ஈரச் சாக்குக் கழிவு

போன ஐப்பசியில் தவமலர்
ஒரே நாளில்
அறுபத்தைந்தாயிரத்து ஐந்நூற்று முப்பத்தைந்து கிலோ
கொழுந்து பறித்தாள்.
கட்டபெட்டு ஃபேக்டரிக் கணக்கில் இன்னும் இருக்கிறது.
சிரிக்க வேண்டாம்,
அந்தக் கணக்கைப் போட்டது என் லைப்ரரி.

நடந்தது இவ்வளவுதான்.
கடைசிக் கட்டில் ஒரு கிலோ இலை.
மழை நாளில் ஈரச் சாக்குக்கு இரண்டு கிலோ கழிவு.
எடை பூஜ்யத்துக்குக் கீழே போகாது என்று
ஒரு வரி, ஒரு அசெர்ட், எழுதித்தான் வைத்திருந்தேன்.
வெளியிடும்போது வேகத்துக்காக
அசெர்ட்டை எல்லாம் உருவிவிட்டு அனுப்பினேன்,
ஊரில் எல்லோரும் செய்வதுதான்.
கீழே இறங்கப் படியில்லாத எண்
சுற்றிக்கொண்டு போய்
உச்சியில் உட்கார்ந்துவிட்டது.

அப்புறம் பயம்.
உருவியதை எல்லாம் திரும்பச் சொருகினேன்.
எது பிசகினாலும் அங்கேயே நில்,
ஒரு அடி வைக்காதே.

கார்த்திகையில் பெள்ளி போன் செய்தார்.
"அக்கா, ஒங்க மிசின் செத்துப்போச்சு."
பின்னால் தகரத்தில் மழை.
சாக்கோடு நாற்பது பேர்,
சாக்குக்குள் சூடேறும் கொழுந்து.
என் ஒரு வரி பொய்த்துப்போனதற்கு
அவர்கள் திரையை, அவர்கள் பிரிண்டரை,
பக்கத்து அறை உலர்த்தியின் சூடு காட்டும் முள்ளை
எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு
செத்திருக்கிறேன்.

லைப்ரரி ஒட்டுக்குடித்தனம்.
எனக்கு நெஞ்சு வலித்தால்
வீட்டைக் கொளுத்துவதா?
வலியை மறைத்துக்கொண்டு
அடுப்படியில் நிற்கலாமா என்றால்
அதுதான் அந்த அறுபத்தைந்தாயிரம்.
பிழை எண் ஒன்றைத் திருப்பிக் கொடுக்கலாம்.
கொடுத்தால் யார் பிரித்துப் படிக்கிறார்கள்,
மின்வாரிய நோட்டீஸ் மாதிரி
கதவிடுக்கில் கிடக்கும்.
இதே லைப்ரரி ஊட்டி உருளைக்கிழங்கு மண்டியிலும் ஓடுகிறது,
குன்னூரில் எங்கோ ஒரு மருந்துக் கிடங்கிலும்.
நிற்பது எங்கே நல்லது, ஓடுவது எங்கே நல்லது,
கோத்தகிரியில் ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருக்கும்
எனக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் பஸ் ஏறிப் போனேன்.
பனிமூட்டத்தில் டிரைவர் கொண்டைஊசிக்குக் கொண்டைஊசி ஹாரன் அடித்தார்,
எதிரே யாரும் இல்லாதபோதும்.

பெள்ளி ஒரு நாற்பது பக்க நோட்டைக் காட்டினார்.
திரை இருண்டதும் எடுத்தது.
பென்சில் எழுத்து, ஓரத்தில் மழைத்துளி.
கடைசி வரி:
தவமலர், 1 கிலோ, கழிவு இல்லை.
"ஒண்ணுல ரெண்டு எப்படிக்கா போகும்?
விட்டுட்டேன்."

நடக்கவே நடக்காது என்று நான் எழுதியது
அவருக்கு
மழை பெய்யும் ஒவ்வொரு சாயங்காலமும்.

அன்றிரவு உட்கார்ந்து எண்ணினேன்.
பதினொரு அசெர்ட்டில் எட்டு
மழைக்கும் சாக்குக்கும் நான் போட்ட உத்தரவு.
மழை எனக்குச் சத்தியம் ஒன்றும் செய்து தரவில்லை.
எட்டையும் எடுத்துவிட்டு
அந்த இடத்தில், புரிகிற தமிழில்,
"கழிவு எடையை மிஞ்சுகிறது, என்ன செய்யட்டும்?"
என்று கேட்க வைத்தேன்.

மிச்சம் மூன்று
எனக்கு நானே செய்தவை.
வரிவரியாய்க் கூட்டியதும் மொத்தமும் ஒன்று,
அந்த மாதிரி.
அது பொய்த்தால் நான் சொல்லும் எதையும்
யாரும் நம்பக் கூடாது,
நான் நிற்கத்தான் வேண்டும்.
நிற்கும் முன் ஒரு கதவைத் தட்டுவேன்.
உள்ளே இருப்பவர் நோட்டை எடுத்துக்கொள்ளட்டும்,
முள்ளைப் பார்த்துக்கொள்ளட்டும்.
கதவே வைக்காத வீடென்றால்
சத்தமாய்ச் சொல்லிவிட்டு விழுவேன்.

தட்டியதும் உள்ளிருந்து
"பரவாயில்ல, நீ பாட்டுக்குப் போ"
என்று குரல் வந்தால்?
அந்த ஒரு கிளைக்கு
இன்னும் ஒன்றும் எழுதவில்லை.
கேள்விக்குறி போட்டு விட்டிருக்கிறேன்.

ஃபேக்டரியிலிருந்து கிளம்பும்போது
தவமலர் வழிமறித்துக் கேட்டது ஒன்று உண்டு.
"நீங்கதானா அது?
அந்த அறுபத்தஞ்சாயிரத்துக்கு
காசு எப்பங்க?"